அழைத்தவர் பொறுப்பு

மாஸ்கோ கிரெம்ளினுக்குள் எழுந்துகொண்டிருந்த புதிய பேராலயம் 1474ஆம் ஆண்டு மே மாதத்தில் இடிந்து விழுந்தது. கிரிவ்த்சோவ், மிஷ்கின் என்ற இரண்டு உள்ளூர்க் கட்டுநர்களின் இரண்டாண்டு உழைப்பு அது. அந்தச் சமயத்தில் நிலம் அதிர்ந்ததாக அக்கால நாளாகமங்கள் சொல்கின்றன. ஆனாலும் அதிர்வின்மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி கட்டத் தொடங்கிவிடவில்லை, மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான். கல்வேலைக்குப் பேர்போன ப்ஸ்கோவ் நகரத்து மேஸ்திரிகளை வரவழைத்து இடிபாட்டைப் பார்க்கச் சொன்னார். கல்லை இழைத்த நேர்த்தியை அவர்கள் மெச்சினார்கள். சுண்ணாம்புக் காரை நீர்த்துப்போய் ஒட்டும் வலு இல்லாமல் போனதுதான் குறை என்றார்கள். எது தெரியும், எது தெரியாது என்று இப்படி வரையறுத்துக்கொண்ட பிறகே செம்யோன் தொல்பூசின் என்ற தூதர் இத்தாலிக்குப் புறப்பட்டார். பொலோஞ்யா நகரத்தைச் சேர்ந்த அரிஸ்டாட்டில் ஃபியோரவந்தி மாதம் 10 ரூபிள் சம்பளத்துக்கு இசைந்து, மகனையும் ஓர் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு 1475இல் மாஸ்கோ வந்து சேர்ந்தார்.

தன் நாட்டுக் கட்டடத்துக்கு அயல்நாட்டுக் கட்டடக்கலைஞரை அமர்த்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதைப் பற்றிய பேச்செல்லாம் வந்தவரைச் சுற்றியே நடக்கிறது: அவருடைய மேதைமை, அவருடைய பிடிவாதம், அவருக்குக் கிடைத்த மாலை அல்லது அவமானம். அழைத்தவர்களின் பெயர்கள் அடிக்குறிப்புகளில் போய் ஒடுங்கிவிடுகின்றன. இந்த வரலாற்றை அழைத்தவர் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்பதே என் வாதம். மாஸ்கோ, சண்டிகர், சிட்னி, டாக்கா ஆகிய நான்கு நகரங்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படி ஒரு கட்டடத்தின் விதியைத் தீர்மானிப்பது அழைத்தவரின் தயார்நிலைதான் என்று தெரிகிறது. தனக்கு எது குறைகிறது என்று அவர் அறிந்திருக்க வேண்டும். வந்தவர் அருகில் நிற்கத் தன் மண்ணின் ஆட்களை அவர் வைத்திருக்க வேண்டும். ஆட்சியும் ஆளும் மாறினாலும் வேலையைக் காக்கும் ஏற்பாடு அவரிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு பெரிய கலைஞரும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

ஃபியோரவந்தி வந்ததும் செய்த வேலைகளைக் கவனித்தால் இவான் கேட்டது என்ன என்பது புரியும். நின்றுகொண்டிருந்த மிச்சச் சுவர்களை, இரும்புப் பூண் போட்ட மரத்தைத் தொங்கவிட்டு ஆட்டி மோதி, சில நாட்களில் தரைமட்டமாக்கினார். கடைக்காலை முன்பிருந்ததைவிட மிக ஆழமாக வெட்டி அடியில் ஓக் மரக் கட்டைகளை இறக்கினார். ஆந்திரோனிகோவ் மடத்துக்கு அருகில் செங்கல் சூளை போட்டார். அதில் வெந்த செங்கல் பழைய செங்கல்லைவிட நீளமாகவும் கெட்டியாகவும் இருந்தது. காரையைப் பிசைந்த மாவு போலக் கெட்டியாகக் குழைக்க வைத்தார். சுவர்களை இழுத்துப் பிடிக்க, மரத்துக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளைக் கொடுத்தார். இவை அனைத்தும் மாஸ்கோவிடம் இல்லாத நுட்பங்கள். ஆனால் ஆலயத்தின் வடிவத்தை அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் விளாதிமிர் நகரில் எழுந்த பேராலயமே முன்மாதிரி என்று மாஸ்கோ முன்பே முடிவு செய்திருந்தது. ஃபியோரவந்தி அங்கே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். 1479 ஆகஸ்டில் புனிதப்படுத்தப்பட்ட ஆலயத்தில் ஐந்து குவிமாடங்களும் உருசிய மரபின்படியே நின்றன. அவற்றைத் தாங்கிய கணக்கு மட்டும் இத்தாலியக் கணக்கு. அடுத்த பத்தாண்டில் அதே கிரெம்ளினில் அறிவிப்புப் பேராலயத்தைக் கட்டியவர்கள் ப்ஸ்கோவ் கட்டுநர்கள். ஓர் அயலவரை வைத்துத் தங்களால் முடியாததைக் கட்டியெழுப்பிய ஊர், பத்து ஆண்டுக்குள் தன் ஆட்களைக் கொண்டே செங்கல்லில் கட்டத் தொடங்கியது.

மாஸ்கோவை முன்மாதிரியாகக் காட்டுவதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. வேலை முடிந்து ஊர் திரும்ப விரும்பிய ஃபியோரவந்தியை இவான் விடவில்லை, சிறைப்பிடித்தார். 1485இல் த்வேர் நகரத்தின்மேல் படையெடுத்தபோது பீரங்கிகளுக்குப் பொறுப்பாக அவரைக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிய செய்தி இல்லை. தங்கிக் கற்றுக்கொடுத்ததே வெற்றிக்குக் காரணம் என்றால், அந்தத் தங்கல் ஒரு பகுதி கட்டாயத்தால் வந்தது. ஆகவே மாஸ்கோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தன் குறையை அறிந்து கேட்டதையும், வடிவத்தின் உரிமையைக் கைவிடாததையும்தான். தங்க வைத்த முறையை அல்ல. வந்தவரை மண்ணோடு இருத்துவதைப் பலவந்தம் இல்லாமல், ஒப்பந்தத்தின் மூலமே செய்துகாட்ட முடியும் என்பதற்கு நாம் 20ஆம் நூற்றாண்டின் பஞ்சாபுக்குத்தான் வர வேண்டும்.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பக்கத்துப் பஞ்சாப் தலைநகரம் இல்லாத மாகாணமாக நின்றது. அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். இந்த நெருக்கடியிலும் பஞ்சாப் அரசு இரண்டு அலுவலர்களிடம் பொறுப்பைத் தெளிவாகக் கொடுத்தது: நிர்வாகத்துக்கு பி.என். தாப்பர், பொறியியலுக்குத் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மா. சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் தேர்வானது. அமெரிக்க நகரத் திட்டமிடுநர் ஆல்பர்ட் மேயரும், அவரோடு சேர்ந்த போலந்துக் கட்டடக்கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கியும் விசிறி போல் விரியும் ஒரு நகரத் திட்டத்தை வரைந்தார்கள். 1950 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் எகிப்தில் நடந்த விமான விபத்தில் நோவிட்ஸ்கி இறந்தார். திட்டம் கையில் இருந்தது; கட்டடங்களை வரைய ஆள் இல்லை. டாலரில் சம்பளம் கொடுப்பதும் அன்றைய இந்தியாவுக்குக் கடினமாக இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள்.

அவர்கள் கொண்டுபோன நிபந்தனைகளே சண்டிகரின் உண்மையான அஸ்திவாரம் என்பேன். வருகிறவர் இந்தியாவில் மூன்றாண்டு குடியிருந்து வேலை செய்ய வேண்டும். இந்திய இளைஞர்களைப் பக்கத்தில் வைத்துப் பயிற்றுவிக்க வேண்டும். ஏழை மாகாணத்தின் செலவுக்குள் அடங்க வேண்டும். லண்டனில் மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் இதற்கு இசைந்தார்கள். பாரிசில் லெ கொர்புசியே, தன் அலுவலகத்தை விட்டு வர முடியாது என்றார். தாப்பரும் வர்மாவும் பெரிய பெயருக்காக நிபந்தனையைக் கைவிடவுமில்லை, நிபந்தனைக்காகப் பெரிய கலைஞரை இழக்கவுமில்லை. லெ கொர்புசியே ஆலோசகராக இருந்து ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மாதம் வந்து போவார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே, ஃப்ரை, ட்ரூ ஆகிய மூவரும் இங்கேயே குடியிருப்பார்கள் என்று ஏற்பாடானது. 1951 பிப்ரவரியில் சிம்லா சாலையில் ஒரு விடுதியில் உட்கார்ந்து, சில நாட்களில் மேயரின் திட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிந்த செக்டர்களாக லெ கொர்புசியே மாற்றி வரைந்தார். அந்தச் சில நாட்களைத்தான் கட்டடக்கலை வரலாறு கொண்டாடுகிறது. நகரத்தைக் கட்டியது அதன் பிறகு வந்த ஆண்டுகள்.

குடியிருந்தவர்களுக்கும் வந்து போனவருக்கும் உள்ள வேறுபாடு சண்டிகரின் சுவர்களிலேயே தெரிகிறது. அரசு ஊழியர் குடியிருப்புகள் முதலமைச்சர் வீட்டிலிருந்து கடைநிலை ஊழியர் வீடு வரை 13 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஃப்ரை, ட்ரூ, ஜான்னரே மூவரும் அவற்றை உள்ளூர்ச் செங்கல்லில் கட்டினார்கள். வெயிலைத் தடுக்கத் துளைச் சுவர்கள், உள்ளே ஒதுங்கிய ஜன்னல்கள், கோடை இரவில் படுக்க மொட்டைமாடி என்று வட இந்திய வாழ்க்கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வீடுகளில் இருக்கிறது. மிகக் குறைந்த சம்பளக்காரருக்கும் இரண்டு அறை, சமையலறை, கழிப்பறை, முற்றம் என்று வரைந்தார் ட்ரூ. லெ கொர்புசியே தலைமைச் செயலகத்தையும் உயர் நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் கான்கிரீட்டில் எழுப்பினார். அவை பார்ப்பவரை வியக்க வைப்பவை, 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஆனால் வெயிலை மறைக்க அவர் கொடுத்த கான்கிரீட் தடுப்புகள் பகலெல்லாம் சூட்டைக் குடித்து மாலையில் கக்கின. உயர் நீதிமன்றத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கப் பின்னர் ஒரு தாழ்வாரம் சேர்க்க வேண்டியிருந்தது. மேதைமையின் அளவு இங்கே பிரச்சினையே இல்லை. ஒரு கோடையை முழுதாக அனுபவித்தவரின் கை வேறு விதமாகவே வரையும்.

தாப்பரும் வர்மாவும் போட்ட இரண்டாவது நிபந்தனை இன்னும் நீண்ட பலன் தந்தது. எம்.என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, பி.பி. மாத்தூர் போன்ற இளம் இந்தியக் கட்டடக்கலைஞர்கள் அந்த அலுவலகத்தில் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பள்ளிகளையும் திரையரங்குகளையும் கடைகளையும் தாங்களே வரைந்தார்கள். 1954இல் ஃப்ரையும் ட்ரூவும் போனார்கள். ஜான்னரே 1965 வரை தங்கினார். உடல்நலம் குன்றி அவர் விடைபெற்றபோது தலைமைக் கட்டடக்கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்தவர் சர்மா. அதே ஆண்டில் லெ கொர்புசியே இறந்தும் நகரத்தின் வேலை நிற்கவில்லை. 1961இல் தொடங்கிய சண்டிகர் கட்டடக்கலைக் கல்லூரி அடுத்த தலைமுறையை உருவாக்கத் தொடங்கியிருந்தது. பருவ காலத்தில் மட்டும் ஓடிய ஓடையை மறித்து 1958இல் சுக்னா ஏரியை உண்டாக்கியதில் வர்மாவின் பங்கு பெரிது. அந்த ஏரியில்தான் ஜான்னரே தன் சாம்பலைக் கரைக்கச் சொல்லியிருந்தார். அவரை அங்கே இருத்தியது சம்பளம் மட்டுமாக இருந்திருக்க முடியாது.

இங்கே எழும் எதிர்ப்பு பழையது, நியாயமானதும் கூட. விடுதலை அடைந்து மூன்றே ஆண்டில், ஆயிரமாண்டுக் கட்டடப் பாரம்பரியம் உள்ள ஒரு நாடு தன் தலைநகரத்துக்கு ஐரோப்பியரை அழைத்தது அடிமைப் புத்தியின் எச்சம் அல்லவா? பயிற்சி பெற்ற இந்தியக் கட்டடக்கலைஞர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களைத் தேடும் முயற்சி போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நகரத்துக்காக நிலத்தை இழந்த கிராமங்களையும் மறக்க முடியாது. ஆனால் அடிமைத்தனத்தின் அடையாளம் அயலவர் வருவதில் இல்லை. அவர் போன பிறகும் அவரையே நம்பியிருக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுப்பணித் துறை நம் நாட்டில் கட்டியவற்றில் இந்தியரின் இடம் பெரும்பாலும் வரைவாளர், மேற்பார்வையாளர் என்ற படியோடு நின்றது. சண்டிகரில் பதினைந்து ஆண்டுக்குள் முழு அலுவலகமும் இந்தியர் கைக்கு வந்தது. முந்தையதையும் பிந்தையதையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டால், தாப்பரும் வர்மாவும் போராடிப் பெற்ற நிபந்தனைகளுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும்.

நிபந்தனைகள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சிட்னி சாட்சி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திடம் பணம் இருந்தது, திறந்த மனம் இருந்தது, துணிச்சலும் இருந்தது. இசைநாடக அரங்கத்துக்காக நடத்திய உலகப் போட்டிக்கு 233 வரைவுகள் வந்தன. 1957 ஜனவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் வென்றார். அவருக்கு அப்போது வயது 38. அவர் அனுப்பியவை பெரும்பாலும் கருத்தோவியங்கள். அந்தக் கூரையை எப்படி நிற்க வைப்பது என்று அன்று யாருக்கும் தெரியாது. மாநில முதல்வர் ஜோ காஹில், காலம் தாழ்ந்தால் அரசியல் மாறித் திட்டம் செத்துவிடும் என்று அஞ்சினார். எனவே வரைபடங்கள் முடியும் முன்பே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்க வைத்தார். அதே ஆண்டு அவர் இறந்தார். அவர் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது; ஆனால் அதற்கான விலை பெரிது. கூரையின் எடை தெரியாமல் எழுப்பிய தூண்களைப் பிறகு உடைத்தெடுத்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற தீர்வு 1961இல்தான் கிடைத்தது. அதற்குள் இரண்டு ஆண்டு கடந்திருந்தது.

சிட்னியில் குறைந்தது அழைத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள். மேற்பார்வைக் குழுவில் கல்விமான்களும் பிரமுகர்களும் இருந்தார்கள். ஆனால் எந்த மண்டபத்தில் எத்தனை இருக்கை, இசைக்கச்சேரிக்கும் இசைநாடகத்துக்கும் ஒரே மண்டபம் போதுமா என்ற அடிப்படைக் கேள்விகள் கட்டடம் பாதி எழுந்த பிறகும் தீரவில்லை. தாப்பரைப் போல அரசிடம் பேசக்கூடியவரும், வர்மாவைப் போலப் பொறியியல் அறிந்து கலைஞரோடு தினமும் வாதிடக்கூடியவரும் அங்கே இல்லை. லாட்டரிச் சீட்டு வருமானத்தில் திட்டம் ஓடியதால் செலவைப் பற்றிய கண்டிப்பும் தாமதமாகவே வந்தது. 1965இல் ஆட்சி மாறி, டேவிஸ் ஹியூஸ் பொதுப்பணி அமைச்சரானதும் அந்தக் கண்டிப்பு ஒரேயடியாக வந்து இறங்கியது. உட்புற வேலைக்கான மாதிரிகளுக்குப் பணம் மறுக்கப்பட்டது, கட்டணம் நிறுத்தப்பட்டது. 1966 பிப்ரவரி கடைசி நாளில் உட்சன் விலகினார். அவரைத் திரும்ப அழைக்கக் கோரி மக்கள் ஊர்வலம் போனார்கள், அரசு அசையவில்லை. பீட்டர் ஹால் தலைமையில் உள்ளூர்க் குழு உட்புறத்தை முடித்தது. 70 இலட்சம் டாலரில் முடியும் என்று சொல்லப்பட்ட கட்டடம் 10.2 கோடி டாலரில் 1973 அக்டோபரில் திறக்கப்பட்டது. உட்சன் அதை நேரில் பார்க்கத் திரும்பி வரவே இல்லை; 2008இல் இறந்தார்.

அதனால் என்ன, இன்று ஆஸ்திரேலியா என்றதும் உலகத்தின் கண்முன் வருவது அந்தக் கட்டடம்தானே என்று கேட்கலாம். சண்டையும் செலவும் மறந்துபோகும், கட்டடம் நிற்கும் என்பது இந்த வாதத்தின் சாரம். வெளிப்புறத்தைப் பொறுத்தவரை இது உண்மை. அதற்கு ஒரு காரணம், உட்சன் போகும்போது கூரை வேலை பெரும்பகுதி முடிந்திருந்தது. அவர் போன பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் படம் மாறுகிறது. பெரிய மண்டபம் இசைக்கச்சேரிக்கு மட்டும் என்று ஆனது. இசைநாடகத்துக்காகப் பிறந்த அரங்கத்தில் இசைநாடகம் சிறிய மண்டபத்துக்குத் தள்ளப்பட்டது, அங்கே வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. பெரிய மண்டபத்தின் ஒலிக்குறையைச் சரிசெய்ய 2020க்கும் 2022க்கும் இடையில் அதை மூடி வைத்து வேலை பார்த்தார்கள். அரசே 1999இல் உட்சனோடு சமரசம் செய்துகொண்டு, இனிவரும் மாற்றங்களுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளை அவரிடமே எழுதி வாங்கியது. 33 ஆண்டு கழித்துக் கேட்டதை அன்றே கேட்கும் ஏற்பாடு இருந்திருந்தால் கட்டடம் உள்ளும் புறமும் ஒன்றாக இருந்திருக்கும். சிட்னி அழகைப் பெற்றது; கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழந்தது.

சிட்னியில் ஓர் ஆட்சி மாறியதும் வேலை முறிந்தது. டாக்காவில் நாடே மாறியது, வேலை முறியவில்லை. ஆயூப் கானின் அரசு 1959இல் டாக்காவைப் பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகரமாக்க முடிவு செய்தபோது, கிழக்கு வங்கத்தின் முன்னணிக் கட்டடக்கலைஞர் மஸ்ஹருல் இஸ்லாமைத்தான் முதலில் நாடியது. தன் தலைமுறைக்குப் பாடமாக நிற்கும் ஒரு கட்டடம் இங்கே எழ வேண்டும் என்று நினைத்த அவர், வாய்ப்பை உலகின் பெரிய கலைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். லெ கொர்புசியேயும் ஆல்வார் ஆல்ட்டோவும் கிடைக்காமல் போக, 1962இல் அமெரிக்காவின் லூயி கான் வந்தார். அதே காலத்தில் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்துக்கும் அவரை வரவழைத்தவர் பி.வி. தோஷி. கானின் அலுவலகத்தில் வேலை செய்த அனந்த் ராஜே பின்னர் அகமதாபாத் வளாகத்தின் வேலையைத் தொடர்ந்து நடத்தினார். இரண்டு இடத்திலும் அயலவரை அழைத்தது தொழில் தெரிந்த உள்ளூர்க் கலைஞர். எதற்காக அழைக்கிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

டாக்காவில் கான்கிரீட்டைத் தலைச்சுமையாகத் தூக்கிச் சென்று, மூங்கில் சாரத்தில் ஏறிக் கொட்டினார்கள். ஒரு நாளில் கொட்ட முடிந்த உயரம் ஏறத்தாழ 5 அடி. ஒவ்வொரு நாளின் வேலையும் சேரும் இடத்தில் வடு தெரியும். அதை மறைக்காமல் அங்கே வெள்ளைப் பளிங்குப் பட்டை ஒன்றைப் பதிக்கலாம் என்று கான் தீர்மானித்தார். அந்தப் பட்டைகள்தான் இன்று நாடாளுமன்றச் சுவர்களின் அழகு. கூலியாட்களின் ஒரு நாள் வேலை கட்டடத்தின் அளவுகோலாகவே மாறியது. 1971 போரில் வேலை நின்றது. போருக்குப் பின், வறுமையில் தவித்த வங்கதேசம் தன் முந்தைய ஆட்சியாளர் தொடங்கி வைத்த அந்தக் கட்டடத்தை உதறிவிட எல்லாக் காரணமும் இருந்தது. அது உதறவில்லை, தன் நாடாளுமன்றமாக ஏற்றுத் தொடர்ந்தது. 1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் மாரடைப்பால் இறந்தார். அவர் அலுவலகம் கடனில் இருந்தது. அவருடன் நெடுங்காலம் வேலை செய்த டேவிட் விஸ்டம் ஒரு குழுவை அமைத்து வேலையை எடுத்துக்கொண்டார். 1982இல் அங்கே நாடாளுமன்றம் கூடியது. இருபது ஆண்டில் நாடும் கொடியும் மாறின, வரைந்தவரும் போய்ச் சேர்ந்தார். முதல் நாளிலிருந்தே அதைத் தங்களுடையதாக நினைத்தவர்கள் உள்ளூரில் இருந்ததால் கட்டடம் எழுந்தது.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் இல்லை. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தை வரைந்தது ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்து வைத்தபோது குவிமாடம் முடிந்திருக்கவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் ஒருவர் அமைத்த தற்காலிகக் குவிமாடம் மேலே நின்றது. 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்தக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. எந்தக் கட்சி சரி என்ற வழக்குக்குள் போகாமலே இதைப் பார்க்கலாம். மருத்துவமனையாக ஆனது ஏழை மக்களுக்கு நன்மைதானே என்பார்கள். நன்மைதான், அங்கே தினமும் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கையே அதற்குச் சான்று. ஆனால் மருத்துவமனை வேண்டுமென்றால் மருத்துவமனையாகவே வரையச் சொல்லியிருக்கலாம். விவாதத்துக்காக வரைந்த மண்டபத்தை நோயாளிக்காக மாற்றும் வேலையும் செலவும் வந்திருக்காது. கட்டடத்தின் நாட்காட்டியைத் தேர்தல் நாட்காட்டியோடு கட்டிப்போட்டது, ஆட்சிக்கு அப்பால் அதைக் காக்கும் அமைப்பு எதையும் உருவாக்காதது ஆகிய இரண்டும் சிட்னியில் கண்ட குறைகளே. சிட்னியில் கலைஞர் போனார், கட்டடத்தின் நோக்கம் தப்பியது. சென்னையில் நோக்கமே போனது.

இன்று அரசுகளும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்களை அழைப்பது முன்னெப்போதையும்விட எளிது. வரைபடம் நொடியில் வந்து சேர்கிறது. நேரில் வராமலே ஒப்பந்தம் முடிகிறது. எளிதாகியிருப்பது கலைஞரை அடையும் வழி மட்டுமே. அழைப்பவர் செய்ய வேண்டிய வீட்டு வேலை இவான் காலத்தில் எவ்வளவோ அவ்வளவுதான் இன்றும். பொதுப்பணத்தில் அயல்நாட்டுக் கலைஞரை அமர்த்தும் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் முன்பு மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வெளியிட வேண்டும் என்று குடிமக்கள் கேட்க உரிமை உண்டு. நம் கட்டடக்கலைஞர்களாலும் கொத்தனார்களாலும் முடியாதது என்று இங்கே கண்டறியப்பட்டது எது? வருகிறவரோடு உட்காரப்போகும் நம் ஆட்கள் யார், வேலை முடியும்போது அவர்கள் எதைக் கற்றிருப்பார்கள்? அடுத்த தேர்தலுக்குப் பிறகும் இந்த வேலைக்குப் பொறுப்பாக நிற்கப்போகும் அமைப்பு எது? தாப்பரும் வர்மாவும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடுதான் கப்பலோ விமானமோ ஏறினார்கள். பதில் இல்லாமல் அழைத்தால், உலகின் மிகச் சிறந்த கலைஞரே வந்தாலும், பழியை அவர்மேல் போட நமக்கு உரிமை இல்லை.